கடலடிச் சிற்றோடுகளின் சான்று

வரலாற்றாசிரியனுக்குக் கல்வெட்டு எத்தகையதோ, பண்டைக் கடலை ஆராய்வோனுக்குப் போராமினிபெரா எனும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடு அத்தகையது. மணற்றுகளை ஒத்த இவ்வோடுகள் ஆழ்கடலடியிற் படைபடையாய்ப் படிந்துள்ளன. 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த 'சலஞ்சர்' கப்பலார் இச்சேற்றை அள்ளி நோக்கினராயினும், அதிற் பண்டைய வெப்பநிலையைப் படிக்கும் வகை அன்று எவரும் அறியார்.

அவ்வகையை 1947இல் உணர்த்தியவர் அமெரிக்க இரசாயன அறிஞர் அரோல்ட் யூரி. நீர் குளிருந்தோறும் பாரமான ஒட்சிசன் 18 எனும் சமதானி ஓட்டில் மிகுதியாகச் சேரும் என்றார் அவர். சிக்காகோவில் அவர் வழிநின்ற சேசரே எமிலியானி, ஆழ்கடற் படிவுகளின் ஓடுகளை அளந்து, பனிக்கட்டிக்காலங்கள் பன்முறை வந்து சென்றமையை 1955இல் வெளியிட்டார். அவை நான்கே எனும் பழங்கொள்கை அத்துடன் ஆட்டங்கண்டது.

எனினும் ஓடு வெப்பநிலையை மட்டுமா அளந்தது? நீர் ஆவியாகுங்கால் இலேசான ஒட்சிசனே முந்திச் செல்லும். அது நிலத்திற் பனிக்கட்டியாய் உறைந்து தங்கிவிடின், எஞ்சிய கடலிற் பாரமானது மிகும். இதன் பங்கு சிறிதென்பது எமிலியானியின் கருத்து. கேம்பிரிச்சைச் சேர்ந்த நிக்கலஸ் சாக்கிள்டன் 1967இல் இதனை மறுத்தார். அவர் நோக்கியது கடலடியில் வாழ்ந்த இனங்களை. அடிநீர் இன்றும் உறைநிலைக்கு அண்மையதாகலின், அதனினும் மிகக் குளிர இடமில்லை. அவ்வாறிருந்தும், மேற்பரப்பு இனங்களிற் கண்ட மாற்றமே ஏறக்குறைய அவற்றிலுங் காணப்பட்டது. ஆகவே ஓடு பெரிதும் அளந்தது நிலத்துப் பனிக்கட்டியின் அளவையே. சான்றில் வழுவில்லை, அதனிடம் கேட்ட வினாவே குறையுடையது. அடிநீரும் ஓரளவு குளிர்ந்ததெனப் பின்வந்தோர் கண்டு, சாக்கிள்டனின் முடிபையுஞ் சற்றே திருத்தினர்.

1976இல் ஹேய்ஸ், இம்பிரி, சாக்கிள்டன் ஆகிய மூவரும் தென் இந்து சமுத்திரப் படிவுகளில் ஏறத்தாழ 100,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகளைக் கண்டு, அவற்றைப் புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்திக் காட்டினர்.