கூந்தலால் கட்டிய சிலுவை

போட்பே மடத்தின் வாசலில் ஒரு கூடை நிறையத் துணிகள் இருந்தன. கால்சட்டையில் வரும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ள நாடா வைத்த பாவாடைகள், தலைக்கு முக்காடுகள். நான் சுடிதாரில் இருந்தேன். அதுவும் கால்சட்டைக் கணக்கில்தான் சேரும் என்று சைகையால் சொன்னார்கள். சுற்றிக்கொண்டேன்.

என் தயக்கம் துணியால் வந்ததல்ல. ஜார்ஜியாவின் கிழக்கே, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கஹேத்திப் பகுதியில் தங்கியிருந்தேன். அன்று காலை விடுதிக்காரம்மா தன் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி மெதுவாகக் கேட்டார்: "உனக்கு இது விலக்கு நாளா? அப்படியென்றால் திருவுருவங்களை முத்தமிடாதே. எங்கள் பெண்களில் பலர் உள்ளேகூடப் போக மாட்டார்கள்." எனக்கு இரண்டாம் நாள். பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் தனித் தட்டோடு உட்கார்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அந்த மடத்தில் அடக்கமாகியிருப்பவர் ஒரு பெண் என்பதுதான் என்னை உறுத்தியது. 4-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர் நினோ. திராட்சைக் கொடிகளைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தார் என்பது மரபு. அதைத் திபிலிசியின் சியோனி பேராலயத்தில் போற்றிப் பாதுகாக்கிறார்கள். ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றான ரூஃபினஸின் திருச்சபை வரலாற்றில் அவருக்குப் பெயரே இல்லை. 'சிறைப்பட்ட பெண்' என்று மட்டும் வருகிறது. பெயர் பிறகுதான் வந்து சேர்ந்தது. 'அப்போஸ்தலர்களுக்கு இணையானவர்' என்ற பட்டமும் கிடைத்தது. ஆனாலும் பீடத்தை மறைக்கும் திருவுருவத் தடுப்புக்கு அப்பால் பூசை செய்பவர்கள் ஆண்கள் மட்டுமே. நினோ சிலுவை நட்டதாகச் சொல்லப்படும் குன்றில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்துக்கு மேலே நிற்கும் ஜ்வாரி ஆலயத்திலும் அதே தடுப்பு.

நான் உள்ளே போனேன். கல்லறை முன் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தெற்கே வார்ட்சியாவில் பாறையைக் குடைந்து எழுப்பிய மடத்தைப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்கினேன். அதன் ஆலயச் சுவரில் மூன்றாம் கியோர்கி மன்னரும் அவர் மகள் தாமாரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஆலயத்தின் சிறிய உருவம் மகளின் கையில் இருக்கிறது. இந்த ஓவியத்தின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்த விதம் சுவையானது. 'நீடூழி வாழ்க' என்ற வாழ்த்து தாமாரின் பெயரோடு இருக்கிறது, தந்தையின் பெயரோடு இல்லை. எனவே 1184-இல் அவர் இறந்த பிறகு வரைந்தது. தாமாரின் தலையில் மணமான பெண்ணுக்குரிய பட்டை இல்லை. எனவே அவருடைய திருமணத்துக்கு முன்பு, அதாவது 1186-க்குள் முடிந்துவிட்டது. தாலி இருக்கிறதா, மெட்டி இருக்கிறதா என்று நம்மை அளப்பார்களே, அதே அளவுகோல்! அது வரலாற்றுக்கு ஒரு தேதியைத் தந்திருக்கிறது. சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

தாமாரின் பட்டம் 'மெபே', அதாவது மன்னர். மன்னரின் மனைவிக்குத் தனிச்சொல் உண்டு.  1178-லேயே தந்தை அவரைத் தன்னோடு இணையாக முடிசூட்டியிருந்தார். இருந்தும் படைக்குத் தலைமை தாங்க ஆண் வேண்டும் என்று பிரபுக்கள் ருஸ் நாட்டு இளவரசன் யூரியைக் கட்டிவைத்தார்கள். 1187-இல் தாமார் அவனை விலக்கி நாடு கடத்தினார். அவன் இரண்டு முறை படையோடு திரும்பி வந்து தோற்றான். அடுத்த கணவன் தாவித் சோஸ்லானை அவரே தேர்ந்தெடுத்தார். வழிகாட்டிகள் இதைப் பொற்காலம் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். பாறை குடைந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட பெண்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

மேற்கே 1106-இல் நிறுவப்பட்ட கெலாத்தி மடத்துக்கும் போனேன். மழை. அதிகம் பார்க்கவில்லை.

கஹேத்தியின் இன்னொரு பெண் கெத்தேவன். 1605-இல் தந்தையையும் தமையனையும் கொன்று அரியணை ஏறிய கொழுந்தனுக்கு எதிராக மக்களைத் திரட்டி வென்ற அரசி. பின்னர் நாட்டைக் காக்கப் பாரசீகத்தின் ஷா அப்பாஸிடம் பேசப் போனவரைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். மதம் மாற மறுத்ததால் 1624-இல் ஷிராஸில் சித்திரவதை செய்து கொன்றார்கள். போர்த்துகீசிய அகஸ்தீனியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றை எடுத்து வந்து பழைய கோவாவிலிருந்த தங்கள் ஆலயத்தில் வைத்தார்கள். அந்த ஆலயம் பிறகு இடிந்து போனது. இடிபாடுகளைத் தோண்டியபோது கிடைத்த எலும்பை ஹைதராபாத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். 2021-இல் இந்தியா அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது.

கல்லூரிச் சுற்றுலாவில் அந்த இடிந்த கோபுரத்தின் முன் நாங்கள் நாற்பது பெண்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அங்கே யாரைத் தேடித் தோண்டுகிறார்கள் என்று எங்களை அழைத்துப் போனவர்கள் யாரும் சொல்லவில்லை.