காவலும் ஈடும்: தென்காசி வட்டாரம் தரும் படிப்பினை

சிறு குற்றங்களுக்கு நீதிமன்றத்திற்கு வெளியே தீர்வு காணும்போது, இழப்புற்றவரின் சொல்லுக்கு இடமுண்டா? தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் வரலாறு இவ்வினாவை ஆராயத் துணைபுரிகிறது.

சொக்கம்பட்டி, ஊற்றுமலை, சிவகிரி ஆகிய பாளையங்கள் சூழ்ந்த இப்பகுதியில் காவல்முறை வேரூன்றியிருந்தது. ஊர்க்காவல் ‘தலங்காவல்’ என்றும், பல ஊர்கள்மீது பாளையக்காரர் கொண்ட மேற்காவல் ‘தேசகாவல்’ என்றும் வழங்கிற்று. குடிகள் காவற்கூலி அளித்தனர். களவுபோன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுசெய்ய வேண்டும். கள்வனின் தண்டனையைவிட இழந்தவரின் ஈடே இதில் முதலிடம் பெற்றது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு இந்நோக்குப் புதியதன்று.

ஆயினும் இம்முறையைப் புகழ்ந்து நிறுத்துதல் தகாது. கூலி கொடாதவரின் மாடு காணாமற்போவதும், ‘துப்புக்கூலி’ கொடுத்தபின் திரும்பி வருவதும் உண்டு. காவல் என்பது கட்டாய வசூலாக மாறியதை, 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்றில் அத்தியட்சர் கால்டுவெல் எடுத்துரைத்துள்ளார். இழந்தவர் இசைந்தது உண்மையே. ஆனால் அவ்விசைவு அச்சத்தினின்று பிறந்தது.

பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிவுற்றபின் தேசகாவல் ஒழிந்தது. ஊர்க்காவலோ நெடுங்காலம் நீடித்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் அமைப்பு தோன்றிற்று. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 215ஆம் பிரிவு, குற்றவாளியைப் பிடிக்க முயலாமல், திருட்டுப்பொருளை மீட்டுத் தருவதாகக் கைம்மாறு பெறுவதைக் குற்றமாக்கிற்று. குற்றம் அரசுக்கு எதிரானதாகக் கருதப்பட, இழந்தவர் வெறும் சாட்சியானார். எனினும் ஒரு வாயில் திறந்திருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 345ஆம் பிரிவு, சிறு காயம் போன்ற குற்றங்களில் சமரசம் செய்யும் உரிமையைக் காயமுற்றவருக்கே அளித்தது. அவ்வுரிமை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 320ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 359ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மக்கள் நீதிமன்றங்களும் இத்தகைய வழக்குகளைத் தீர்க்கின்றன.

ஆனால் சட்டம் உரிமை அளித்தாலும், எளியவர் அதனை அச்சமின்றிப் பயன்படுத்த இயலுமா? அடித்தவர் நிலவுடைமையாளராகவும் அடிபட்டவர் அவரிடம் கூலி பெறுபவராகவும் இருப்பின், ஊரார் கூடிச் செய்யும் ‘ராஜி’ பழைய துப்புக்கூலியின் மறுவடிவமே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் குற்றங்கள் சமரசப் பட்டியலில் சேர்க்கப்படாமையின் காரணத்தை இங்கு உணரலாம்.

ஊர்ச் சச்சரவுகளில் நடுவராக அழைக்கப்படும் ஆயர்கள், சமாதானத்தை விரைந்து அறிவிக்குமுன் இழப்புற்றவரைத் தனியே கேட்பது கடமையாகும். சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்த முன்வந்தான். பெற்றுக்கொள்பவர் மனமார இசைகிறாரா என்பதை அறிவதும் நம் பொறுப்பே. ‘வேண்டாம்’ எனச் சொல்லும் உரிமை உடையவரின் இசைவே மெய்யான இசைவு.