கசெட்டில் உள்ள குரலைக் கணினிக்கு மாற்றுமுன்: வடிகட்டி ஏன் தேவை?

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது கட்டைபறிச்சான். 2006இல் போர் மூதூர் கிழக்கைச் சூழ்ந்தபோது, இந்தப் பகுதி மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று நகர்ந்து மட்டக்களப்பு வரை போனார்கள். திரும்பி வந்த பிறகும் சம்பூர் மக்களுக்குச் சொந்தக் காணிக்குள் போக முடியவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015இல்தான் காணி விடுவிப்புத் தொடங்கியது.

இப்படித் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் மிஞ்சியவை கொஞ்சம்தான். காணி உறுதி, அடையாள அட்டை, ஓரிரு படங்கள். சில குடும்பங்களிடம் ஒரு கசெட்டும் இருக்கும். கிராமத்துக்குத் தொலைபேசி வராத காலத்தில், மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களோடு கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பியவர்கள் பலர். கலியாண வீடு, கோயில் திருவிழா, கூத்து எல்லாம் கசெட்டில்தான் பதிவாகின. அதில் பேசியவர் இன்று இல்லையென்றால், அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தக் காந்த நாடாதான்.

நாடா நிரந்தரமல்ல. கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கசெட் றெக்கோடர்களும் திருத்துவாரின்றிப் போகின்றன. ஆகவே குரலைக் கணினிக்கு மாற்றிவைப்பது அவசரமான வேலை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு படி சரியில்லாவிட்டால், பேசியவர் எழுப்பாத ஒரு சத்தம் அவர் குரலோடு கலந்துவிடும். கலந்த பிறகு அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் படியின் பெயர் வடிகட்டல்.

ஒலி எப்படி எண்ணாகிறது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதை மின் அலையாக மாற்றுகிறது. கசெட் அந்த அலையைக் காந்தப் பதிவாகச் சேமிக்கிறது. இதுவரை எல்லாமே இடைவிடாமல் ஓடும் அலை. கணினிக்கு அலை புரியாது, எண்தான் புரியும். ஆகவே குறித்த இடைவெளிகளில் அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. இசைத் தட்டான சீ.டி.யில் ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள். சாதாரண டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் 8,000.

ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹேர்ட்ஸ். காது நன்றாக உள்ள இளம் வயதினருக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வயது போகப்போக மேல் எல்லை குறையும்.

எத்தனை மாதிரி எடுத்தால் போதும்? இதற்கான அடிப்படையை 1928இல் ஹரி நைக்விஸ்ட் எழுதினார். 1949இல் குளோட் ஷனன் அதைத் தெளிவான தேற்றமாக முன்வைத்தார். ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். செக்கனுக்கு 8,000 மாதிரி எடுத்தால் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை மட்டுமே சரியாகப் பதியும். 44,100 எடுத்தால் எல்லை 22,050.

எல்லைக்கு மேலே இருந்தால் என்ன?

எல்லைக்கு மேற்பட்ட சத்தம் தானாக விடுபட்டுப்போகும் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. அது வேறோர் உருவத்தில் உள்ளே வந்துவிடும்.

சுழலும் மின்விசிறியைக் கைத்தொலைபேசிக் கமராவில் பாருங்கள். சில வேளைகளில் இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதுபோலவோ, நிற்பதுபோலவோ, பின்பக்கம் சுற்றுவதுபோலவோ தெரியும். கமரா ஒரு செக்கனில் எடுக்கும் படங்கள் விசிறியின் வேகத்துக்குப் போதவில்லை. அந்தப் படங்களுக்கிடையே நடந்தது தெரியாததால், நடக்காத ஒரு சுழற்சி நடந்ததுபோலப் பதிவாகிறது.

ஒலியிலும் இதுதான் நடக்கிறது. செக்கனுக்கு 8,000 மாதிரி எடுக்கும் கருவிக்குள் 5,000 ஹேர்ட்ஸ் சத்தம் போனால், அது 3,000 ஹேர்ட்ஸ் சத்தமாகப் பதியும். 6,000 போனால் 2,000. 7,000 போனால் 1,000. எல்லைக் கோட்டில் ஒரு கடதாசியை மடித்தால் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தின் மேல் விழுவதுபோல, மேலுள்ள சத்தங்கள் கீழே மடிந்து விழுகின்றன.

இனி இதைக் கிராமத்து இரவுப் பதிவொன்றுக்குப் பொருத்திப் பாருங்கள். பேச்சின் பின்னால் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஒரு பகுதி 5,000 ஹேர்ட்ஸை அண்டியது என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டாமல் 8,000 மாதிரியில் பதிந்தால் அது 3,000க்கு இறங்கி, சொற்களைப் பிரித்தறிய நமக்கு மிகவும் தேவைப்படும் பகுதியில் வந்து உட்கார்ந்துவிடும்.

குரலே தன்மேல் மடிந்து விழுவதும் உண்டு. ‘ஸ’ போன்று சீறும் ஒலிகளின் வலு பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது கீழே இறங்கினால் கரகரப்பாகக் கேட்கும். பேசியவரின் தொண்டை அப்படித்தான் இருந்தது என்று, அவரை நேரில் கேட்டிராத பேரப்பிள்ளை நம்பிவிடும்.

காதுக்கே கேட்காத சத்தங்களும் இப்படிக் கேட்கத் தொடங்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி செக்கனுக்கு 25 படங்கள், படத்துக்கு 625 கோடுகள் என்ற கணக்கில் 15,625 ஹேர்ட்ஸில் மெல்லக் கீச்சிடும். பெரியவர்கள் பலருக்கு அது கேட்காது. 22,050 மாதிரியில் வடிகட்டாமல் பதிந்தால் அதே கீச்சு 6,425 ஹேர்ட்ஸாக இறங்கி எல்லோருக்கும் கேட்கும். மின் சார்ஜர்களிலிருந்து கம்பி வழியாக வரும் இடையூறும் அப்படித்தான். 50,000 ஹேர்ட்ஸ் இடையூறு 48,000 மாதிரியில் 2,000 ஹேர்ட்ஸ் விசிலாக மாறும்.

பிறகு நீக்க முடியாதா?

முடியாது. 8,000 மாதிரியில், 3,000 ஹேர்ட்ஸ் அலையும் 5,000 ஹேர்ட்ஸ் அலையும் ஒரே எண்வரிசையைத் தரக்கூடியவை. அந்த எண்களை வைத்துக்கொண்டு, இது உண்மையில் இருந்த 3,000ஆ, மடிந்து வந்த 5,000ஆ என்று எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே எல்லைக்கு மேற்பட்டதை, எண்ணாக்குவதற்கு முன்பே, அலையாக இருக்கும்போதே தடுத்துவிட வேண்டும். அதைச் செய்வதுதான் மடிப்புத் தடுப்பு வடிகட்டி. தாழ்ந்த அதிர்வெண்களைப் போகவிட்டு உயர்ந்தவற்றை மறிக்கும் ஒரு சுற்று அது.

வடிகட்டியும் சிலவற்றைப் பறிக்கத்தான் செய்கிறது. தொலைபேசியில் சுமார் 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டப்படுவதால்தான், பெயர் சொல்லும்போது ‘ஸ’வா ‘ஃப’வா என்று திருப்பிக் கேட்கிறோம். ஆனால் இந்த இழப்பு வெளிப்படையானது. எது வரை இருக்கிறது, எதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிடலாம். மடிந்து விழுவது அப்படியல்ல. அது இல்லாததை இருந்ததாகக் காட்டுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் குரலை, ஒரு சம்பவத்தின் சாட்சியத்தை வைத்திருக்கும் சமூகத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. குறைந்திருக்கும் பதிவை நம்பலாம். கலந்திருக்கும் பதிவின் மேல், என்றைக்காவது அதை யாரிடமாவது காட்ட வேண்டிவரும் நாளில், சந்தேகம் எழும்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

எந்த வடிகட்டியாலும் 20,000 ஹேர்ட்ஸை முழுதாக விட்டு 20,001ஐ முழுதாக மறிக்க முடியாது. மெதுவாகச் சரியத்தான் முடியும். சீ.டி.யின் எல்லை 22,050 என்பதால், கேட்கும் ஒலிக்கும் எல்லைக்கும் இடையே கிடைப்பது சிறு இடைவெளி. தொடக்ககால டிஜிட்டல் கருவிகளில் இதற்காகச் சிக்கலான, விலை கூடிய சுற்றுகள் தேவைப்பட்டன.

இன்றைய சில்லுகள் வேறு வழியில் போகின்றன. முதலில் தேவைக்கு மிக அதிகமாக மாதிரி எடுக்கின்றன. 48,000இன் 64 மடங்கு என்றால் செக்கனுக்கு 30,72,000 தடவை. அப்போது எல்லை 15 இலட்சம் ஹேர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும். முன்னால் ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் கொண்ட எளிய வடிகட்டி போதும். பிறகு சில்லுக்குள்ளேயே கணக்கின் மூலம் கூர்மையாக வடிகட்டி, மாதிரிகளை 48,000க்குக் குறைக்கின்றன. நல்ல யூ.எஸ்.பி. ஒலி இடைமுகங்களிலும் இன்றைய கணினிகளிலும் இந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. வாங்குபவர் தனியாக வடிகட்டி தேடத் தேவையில்லை.

பிழை வருவது மூன்று இடங்களில். ஒன்று, ஒலிக்கென்று செய்யப்படாத சிறு மின்பலகைகளில் நேரடியாகப் பதிவது. மாணவர்களின் செயற்திட்டங்களில் இது நடக்கும். இரண்டு, பெயரில்லாத மலிவு மாற்றிகள். மூன்று, பெரும்பாலும் கவனிக்கப்படாதது: நன்றாகப் பதிந்த கோப்பைப் பிறகு சிறிதாக்குவது. 48,000ஐ 8,000 ஆக்க ஆறுக்கு ஒரு மாதிரியை எடுத்து மற்றவற்றை வீசும் மென்பொருள், புதிதாக ஒரு மடிப்பை உண்டாக்குகிறது. குறைப்பதற்கு முன்னும் வடிகட்ட வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலியைக் கம்பி மூலம் கணினிக்குக் கொடுத்து, 22,050 மாதிரியில் பதியுங்கள். ஏறக்குறைய 11,000ஐ அடைந்ததும் சத்தம் மறைந்து அமைதியானால் வடிகட்டி வேலை செய்கிறது. உச்சிக்குப் போன சத்தம் திரும்பவும் கீழே இறங்கி வந்தால், அதுதான் மடிப்பு.

திரும்ப ஒலிக்கும்போதும் ஒரு வடிகட்டி உண்டு. எண்களை அப்படியே மின்சாரமாக்கினால் படிக்கட்டு போன்ற அலை கிடைக்கும். 8,000 மாதிரியில் பதிந்த 1,000 ஹேர்ட்ஸ் ஒலியோடு, 7,000இலும் 9,000இலும் அதன் நிழல்கள் தோன்றும். அந்தப் படிகளை வழுவழுப்பாக்கி அலையைத் திருப்பித் தருவது மீளுருவாக்க வடிகட்டி. இதில் குறையிருந்தால் கருவியை மாற்றினால் போதும். கோப்புக்குக் கெடுதல் இல்லை.

இன்னொரு வடிகட்டல்: இங்கே நிதானம் தேவை

இரைச்சல் நீக்குவதையும் பலர் வடிகட்டல் என்றே சொல்கிறார்கள். அது வேறு வேலை. மடிப்புத் தடுப்பு எண்ணாக்குவதற்கு முன் கட்டாயம் தேவை. இரைச்சல் நீக்கம் எண்ணாக்கிய பின் விரும்பினால் செய்வது, அதுவும் பிரதியில் மட்டும்.

கசெட்டை வானொலிப் பெட்டியில் ஓடவிட்டு, முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்து, வட்ஸ்அப் குரல் செய்தியாகக் கனடாவுக்கு அனுப்புவது இன்று வழக்கம். உறவுகள் கேட்பதற்கு அது போதும். பாதுகாப்பதற்குப் போதாது. கோப்பு சுருக்கப்படுகிறது. பேச்சை மட்டும் எடுத்துப் பின்னணியை அமுக்கும் ஏற்பாடும் பல தொலைபேசிகளில் உண்டு. அப்படி அமுக்கப்படும் பின்னணியில் கோயில் மணி இருக்கலாம், தூரத்துச் ஷெல் சத்தம் இருக்கலாம், அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடும் குரல் இருக்கலாம். 50 ஹேர்ட்ஸ் மின்சார ரீங்காரம்கூட, பதிவு உண்மையானதா என்று ஆராய்பவர்களுக்கு உதவக்கூடிய தடயம். எது இரைச்சல் என்று இன்றே முடிவுகட்ட வேண்டியதில்லை.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் நாடாப் பதிவுகளுக்குக் குறைந்தது 48,000 மாதிரி, 24 பிட் என்கிறது. காப்பகங்கள் பலவும் 96,000ஐப் பயன்படுத்துகின்றன. 96,000இல் எல்லை 48,000 ஹேர்ட்ஸ் என்பதால் வடிகட்டி நிதானமாகச் சரிய நிறைய இடம் கிடைக்கும். இந்த அளவில் ஒரு மணிநேர ஸ்ரீரியோப் பதிவு சுமார் 2 ஜீ.பி. வரும், 48,000இல் அதில் பாதி.

• நாடாவில் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். முதலில் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

• றெக்கோடரின் ஹெட்டைத் துடைத்த பின், வேறொரு தேவையற்ற கசெட்டை ஓடவிட்டுப் பாருங்கள்.

• ஸ்பீக்கர் முன் மைக் வைக்காமல், கம்பி மூலம் கணினியின் லைன்-இன் வழியில் இணையுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் இடையூறு குறையலாம்.

• ஒலிமட்டம் உச்சியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் வெட்டுப்பட்டதும் திரும்பி வராது.

• சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதுதான் மூலம். அதில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். அனுப்புவதற்கும் சுத்தப்படுத்துவதற்கும் பிரதி எடுங்கள்.

• யார் பேசுகிறார், எங்கே, எந்த ஆண்டு, எந்தக் கருவியில், எத்தனை மாதிரியில் மாற்றியது என்று எழுதிவையுங்கள். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

• இரண்டு இடங்களிலாவது வைத்திருங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அதன் பல்லூடகப் பகுதியான ஆவணகமும் ஈழத்து ஒலிப்பதிவுகளைச் சேகரித்துவருகின்றன. பொதுவில் வைக்கக்கூடியவற்றை அவர்களோடு பகிரலாம். சாட்சியமோ பிறரின் பெயர்களோ இருக்கும் பதிவைப் பகிருமுன், அதில் உள்ளவர்களின் பாதுகாப்பை யோசியுங்கள்.

மாற்றி முடிந்ததும் கசெட்டை எறிந்துவிடாதீர்கள். கோப்பில் பிழை இருப்பது பிறகு தெரியவந்தால், மீண்டும் தொடங்குவதற்கு அந்த நாடா மட்டுமே இருக்கும்.