கவர்னர் கிரண் பேடி தெரியும்... திகார் கிரண் பேடியைத் தெரியுமா?

ஹெல்மெட் போடாதவங்களை நடுரோட்டில் நிறுத்தியது, முதல்வர் நாராயணசாமியோடு ஓயாத மோதல்... காரைக்கால்காரங்களுக்கு கிரண் பேடின்னா இதெல்லாம்தான் ஞாபகம் வரும். 2016 மே முதல் 2021 பிப்ரவரி வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்கிறது தனிக்கதை. நாம பேசப்போறது அதுக்கும் இருபது வருஷம் முந்தைய கதை.

1972-ல் இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ் அதிகாரியானவர் கிரண் பேடி. 1993-ல் டெல்லி சிறைத்துறை ஐ.ஜி-யாக திகாருக்கு அனுப்பப்பட்டார். சுமார் 2,500 பேருக்கான இடத்தில் அப்போ 8,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலானவங்க தண்டனைக் கைதிகள்கூட இல்லை, தீர்ப்புக்காகக் காத்திருந்த விசாரணைக் கைதிகள்.

அவர் செய்ததில் பலரும் சொல்றது தியானம்தான். ஆனா, எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பெட்டி. பூட்டிய புகார்ப் பெட்டி ஒன்று வார்டு வார்டாகப் போகும். கைதிகள் தங்கள் குறையை எழுதிப் போடலாம். அது வார்டு அதிகாரி கையில் சிக்காமல், நேரா ஐ.ஜி அலுவலகத்துக்குப் போயிடும். மனு வந்து சேர்ந்ததுக்கு எழுதியவருக்கு ஒப்புகைச் சீட்டும் உண்டு. சாப்பாடு சரியில்லைன்னு சொல்லவே பயந்த இடத்தில், இது சின்ன விஷயமா என்ன?

அடுத்து படிப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளே மற்றவர்களுக்கு வாத்தியார் ஆனார்கள். அம்மாவோடு சிறையில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வந்தது. (1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குள் முதன்முதலா போன எலிசபெத் ஃப்ரை, பின்னாடி அங்கே தொடங்கியதும் குழந்தைகளுக்கான பள்ளிதான்!) புகையிலைக்குத் தடை போட்டதில் மட்டும் கைதிகளுக்கு ஏகக் கடுப்பு.

1994 ஏப்ரலில், எஸ்.என்.கோயங்கா நடத்திய பத்து நாள் விபாசனா முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் மகசேசே விருது கிடைத்தது. சிறைவாசிகளின் குழந்தைகளுக்காக 'இந்தியா விஷன் ஃபவுண்டேஷன்' தொடங்கியதும் 1994-லதான். 1995-ல் திகாரிலிருந்து மாற்றப்பட்டார். அங்கே இருந்தது சுமார் இரண்டு வருஷம்தான்.

2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலுல மூணு பேர் இன்னமும் விசாரணைக் கைதிகள்தான்.