ஊறாத காணம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கொள்ளைக் காணம் என்றும் சொல்லுவோம். சுண்டலுக்காக இரவில் காணத்தை ஊறப்போட்டுவிட்டு, காலையில் பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். பெரும்பாலான விதைகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். ஒருசில மட்டும் போட்டது போட்டபடியே கல்லாகக் கிடக்கும். பல்லில் கடிபடும் என்று அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுகிறோம். மனிதன் உழவனான வரலாற்றில் ஒரு பகுதி அந்த ஊறாத விதைகளில் ஒளிந்திருக்கிறது.

உழவின் பிறப்பைப் பற்றிப் படிக்கும்போது தொலைதூர நாடுகளே நம் கண்முன் வருகின்றன. மேற்கு ஆசியாவில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோதுமையும் பார்லியும். சீனத்தில் நெல்லும் தினையும். மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளம். கார்டன் சைல்டு என்ற அறிஞர் 1930களில் இம்மாற்றத்துக்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயர் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் புரட்சி என்றவுடன், நேற்றுவரை வேட்டையாடியவன் இன்று ஏர் பிடித்துவிட்டான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. நடந்தது அப்படியன்று.

முதலில் நம் வட்டாரத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்திலேயே இறக்கிவைத்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே நமக்கு வாய்ப்பது மழைமறைவு நிலம். வடகிழக்குப் பருவமழை வந்தால் விளைச்சல். வராவிட்டால் வானத்தைப் பார்க்கவேண்டியதுதான். இந்நிலத்தின் வழியே மலையடிவாரத்திலிருந்து கடலை நோக்கிச் செல்கிறது வைப்பாறு. அதன் கரையில், ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது வெம்பக்கோட்டை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு முதல் அங்குள்ள மேட்டை அகழ்ந்தபோது சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்களோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன. இவை விரல் நகம் அளவேயுள்ள கூரிய கற்சில்லுகள். இத்தகைய சில்லுகளை மரப்பிசினால் கோலில் ஒட்டினால் அம்பு, கத்தி, அரிவாள் எல்லாம் ஆகும்.

பழைய கற்காலம், இடைக் கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் என்று ஏணிப்படிபோல் நாம் மனப்பாடம் செய்கிறோம். தென் தமிழகத்தில் இந்த ஏணியின் ஒரு படி தெளிவாகத் தென்படுவதில்லை. தேரி மணற்குன்றுகளில் நுண்கற்கருவிகள் ஏராளம். ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் இரும்புக்காலத் தாழிகள் ஏராளம். இடையில் வரவேண்டிய புதிய கற்கால உழவர் சிற்றூர்களோ வடக்கே கண்டதுபோல் இங்கே காணக் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் படியைத் தேடி வடக்கே போகவேண்டும்.

கர்நாடகத்தின் பெல்லாரி அருகேயுள்ள சங்கனகல்லு, தமிழகத்தில் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளி ஆகிய புதிய கற்கால ஊர்களில் கரிந்த தானியங்கள் கிடைத்தன. டோரியன் ஃபுல்லரும் ரவி கோரிசெட்டரும் உடன் பணியாற்றியோரும் தென்னிந்திய மண்ணைச் சலித்து ஆராய்ந்தபோது, கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் உழவர்களுக்கு அடிப்படை உணவாக இருந்தவை நெல்லோ கோதுமையோ அல்ல என்பது புலப்பட்டது. சிறுதானியங்களும், பாசிப்பயறும், காணமுமே அவை! அச்சிறுதானியங்களில் ஒன்றைக் கன்னடத்தில் கொரலெ என்பர். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? எல்லாம் மழையை மட்டுமே நம்பி மேட்டு நிலத்தில் விளைபவை. நெற்கதிர் அசையாத இடத்தில் நாகரிகம் தொடங்காது என்று நாம் எண்ணிவந்ததை இந்தக் கரித்துண்டுகள் மறுக்கின்றன.

இனி ஊறாத விதைக்கு வருவோம். காட்டுக் காணத்தின் தோல் தடித்தது, நீர் புகாது. இது குறையன்று, தற்காப்பு. மழை ஏமாற்றும் நிலத்தில் எல்லா விதைகளும் ஒரே தூறலில் முளைத்து, பின்பு மழை பொய்த்தால் வம்சமே அழியும். ஆகவே சில இவ்வாண்டு முளைக்கும்; மற்றவை மண்ணுக்குள் காத்திருக்கும். ஆனால் மனிதன் விதைத்து, அறுத்து, மறுபடி விதைக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. உடனே முளைத்த செடியின் விதைதான் அவன் குதிருக்குள் போகும். காத்திருந்த விதைக்கு அங்கே இடமில்லை. இப்படியாக, யாரும் திட்டமிடாமலே, மெல்லிய தோலுடைய விதைகள் தலைமுறைதோறும் பெருகின.

ஊகந்தானே என்று கேட்கலாம். 2017இல் சார்லின் மர்பியும் ஃபுல்லரும் இதை அளந்தே காட்டினர். ஐந்து அகழ்விடங்களின் பன்னிரண்டு பழங்காணங்களை இங்கிலாந்தின் 'டயமண்ட்' சிங்க்ரோட்ரானுக்குக் கொண்டுசென்றனர். அங்கே ஒளியின் வேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்கள் வளைந்து திரும்பும்போது மிகச் செறிவான எக்ஸ் கதிர்கள் வெளிப்படும். விதையைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் படமெடுத்து இணைத்தால், உடைக்காமலே தோலின் பருமன் தெரிந்துவிடும். தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த அளவு அது! சிலவற்றின் தோல் தடித்தும் சிலவற்றின் தோல் மெலிந்தும் இருந்தன. மாற்றம் பல நூற்றாண்டுகள் நீண்டிருக்கிறது. பெளதிகம் கற்பிக்கும் எனக்கு, இத்தனை பெரிய கருவி ஒரு பிடிக் காணத்துக்காக இயங்கியதில் தனி மகிழ்ச்சி.

நெல்லுக்கும் நம் பக்கத்தில் பழமை உண்டு. தாமிரவருணிக்கு அருகே சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு காட்டியதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. கரிமம்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்; அந்த நெல்லில் தொடக்கத்தில் இருந்த கரிமம்-14இல் ஏறத்தாழ 68 சதவீதம் இன்னும் எஞ்சியிருக்கும். ஆனால் தாமிரவருணி இரு பருவ மழையும் பெறும் ஆறு. அங்கே நெல் விளைந்தது என்பதால் வைப்பாற்றுக் கரிசலிலும் முதற்பயிர் அதுவே என்றாகாது.

உழவு வந்ததும் காட்டை நம்பிய வாழ்வு மறைந்துவிடவும் இல்லை. நம் மலைகளில் வாழும் பளியர்கள் அண்மைக்காலம் வரை வள்ளிக்கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் சமவெளியாரோடு பண்டம் மாற்றியும் வாழ்ந்தவர்கள். அவர்களைக் கற்கால மிச்சம் என்று சொல்வது பெரும் பிழை. அவர்களும் நம் காலத்தவரே. வயலும் காடும் ஒன்றையொன்று அறிந்தே இருந்தன என்பதற்கு அவர்கள் வாழ்க்கை சான்று.

முற்கால அகழ்வாளர்கள் பலர் பானையையும் மணியையும் எடுத்துக்கொண்டு, விதையுள்ள மண்ணை வெளியே கொட்டிவிட்டனர். இன்றும் பழைய மேடுகளின் மண்ணை வண்டிவண்டியாக அள்ளி வயலுக்கும் செங்கல் சூளைக்கும் கொண்டுபோகிறார்கள். அதில் என்ன போகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டறியலாம். ஒரு கைப்பிடிக் காணத்தைக் கருகும்வரை வறுத்து, கரிசல் மண்ணோடு கலந்து, ஒரு நாள் நீரில் ஊறவிடுங்கள். பிறகு வாளி நிறைய நீர் ஊற்றிக் கலக்கி, மேலே மிதந்து வருவதை மெல்லிய துணியில் வடித்துப் பாருங்கள். மண் கீழே தங்கும். கரிந்த காணத்தில் பெரும்பகுதி துணிக்கு வந்துசேரும். தொல்லியலார் கையாளும் மிதப்பு முறையும் இதுவே. எத்தனை போட்டீர்கள், எத்தனை திரும்பி வந்தன என்று மறக்காமல் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.