அவிழும் முடிச்சுக்கு ஆன துணி

மேடையில் தோன்றும் செப்படிவித்தைக்காரர் ஒரு கைக்குட்டையை முறுக்கி, அதன் இரு முனைகளையும் அவையினர் ஒருவரைக் கொண்டே முடியச் செய்கின்றார். முடிந்தவர் இழுத்துப் பார்க்கின்றார். முடிச்சு இறுகியே இருக்கின்றது. வித்தைக்காரர் மெல்ல ஊதுகின்றார், முடிச்சு இல்லை. விரலின் விரைவே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். விரலுக்குரிய பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாதி வித்தை துணியில் உள்ளது. அத்துணி வந்த வழியைத் தேடிச் சென்றால், பிழைப்புக்காக வந்து நாம் குடியமர்ந்த இவ்வங்க நாட்டின் பாகீரதிக் கரையையே சென்றடைகின்றோம்.

இவ்வித்தை பழமையானது. 1584ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் என்பார் சூனியம் பற்றி நூலொன்று வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று பழிசுமத்தி ஏழை மூதாட்டியரைத் தண்டித்த கொடுமையைக் கண்டித்து எழுந்த நூல் அது. மந்திரம் என்று மக்கள் மயங்குவனவற்றுட் பல வெறும் கைத்திறனே என்று காட்டுதற்பொருட்டு, அக்கால வித்தைக்காரரின் நுட்பங்களை அவர் அதில் வெளிப்படையாக விளக்கினார். கைக்குட்டையில் முடிச்சிட்டுச் சொல்லால் அவிழ்ப்பது அவற்றுள் ஒன்று. முடிச்சை இறுக்குவதுபோற் காட்டி, ஒரு முனையை மட்டும் நேராக இழுத்துவிடவேண்டும் என்பதே அதன் உட்பொருள். அவ்வாறு இழுத்தால் இரு முனைகளும் ஒன்றையொன்று பின்னிக் கிடந்த நிலை மாறுகின்றது. ஒரு முனை கோல்போல் நேராக நிற்க, மற்றது அதன்மேல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு முடிச்சே, உண்மையில் கோலில் மாட்டிய வளையம். கோலை உருவினால் வளையம் தானே கழலும்.

இதனை அடுத்து நாம் காணவேண்டியது 1876ஆம் ஆண்டு. ஏஞ்சலோ லூயிஸ் என்னும் இலண்டன் வழக்கறிஞர் ‘புரொபசர் ஹாஃப்மன்’ என்னும் புனைபெயரில் ‘மாடர்ன் மேஜிக்’ என்ற பெருநூலை அவ்வாண்டில் வெளியிட்டார். மறையும் முடிச்சு அதிலும் உண்டு. ஆனால் இவ்வித்தைக்குப் பட்டுக் கைக்குட்டையே வேண்டும் என்று அவர் முதலிலேயே விதித்துவிடுகின்றார். ஸ்காட் கூறாத ஒன்றை ஹாஃப்மன் கூறுவதற்கு இடையிலே நிகழ்ந்தது என்ன?

இடையிலே இந்தியப் பட்டு ஆங்கிலேயர் சட்டைப்பைக்குள் புகுந்தது. முர்ஷிதாபாத்தை அடுத்த காசிம்பசாரில் கிழக்கிந்தியக் கம்பெனி பதினேழாம் நூற்றாண்டிலேயே பண்டகசாலை அமைத்துப் பட்டு வாங்கலாயிற்று. சாயமிடாத ‘கோரா’ப் பட்டும், புள்ளியிட்ட ‘பாண்டனா’க் கைக்குட்டையும் கப்பலேறின. பாண்டனா என்னும் பெயர், கட்டுதல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. துணியை இடையிடையே கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர்; கட்டை அவிழ்த்தால் சாயம் ஏறாத வெண்புள்ளி நிற்கும். இலண்டனில் முடிச்சை மறைத்துக் காட்டியவர்கள் கையில் ஏந்திய குட்டைகளிற் சில, முன்னரே எத்தனையோ முடிச்சுகள் இட்டு அவிழ்க்கப்பட்டவையாகவும் இருந்திருக்கலாம். மூக்குப்பொடி போடுவோர்க்குக் கறை தெரியாத இந்த வண்ணக் குட்டைகள் பெரிதும் உகந்தனவாயின.

ஆங்கில நெசவாளரின் கிளர்ச்சியால் 1700இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, இந்தியா, சீனா, பாரசீகம் ஆகிய நாடுகளின் பட்டை அந்நாட்டார் உடுத்துவதைத் தடுத்தது. 1826இல்தான் அந்தத் தடை முற்றும் நீங்கியது. தடையிருந்த காலத்திலும் கள்ளக்கடத்தலாகப் பட்டுக்குட்டைகள் போய்க்கொண்டே இருந்தன என்பது சொல்லாமலே விளங்கும்.

விலைகொடுத்தவன் கதை இது. பட்டு நூற்றவன் கதை வேறு. வில்லியம் போல்ட்ஸ் என்பவர் கம்பெனியில் பணியாற்றிப் பின் அதன் பகைவரானவர். 1772இல் அவர் வெளியிட்ட நூலில், கம்பெனி முகவர்களின் கட்டாயத்துக்கு அஞ்சிப் பட்டு நூற்போர் சிலர் தம் கட்டைவிரலைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்று எழுதியுள்ளார். ஆங்கிலேயர் நெசவாளரின் கட்டைவிரலை வெட்டினர் என்று மேடைதோறும் நாம் கேட்கும் கதையினும் இது கொடிது. தொழிலாளியே தன் தொழிற்கருவியை அழித்துக்கொள்வதன்றோ! போல்ட்சுக்குக் கம்பெனியின்மேல் தீராத பகை இருந்தமையால் அவர் கூற்றை எடைபோட்டே கொள்ளவேண்டும். ஆனால் கட்டாய முன்பணமும் குறைவிலையும் இருந்தமைக்குப் பிற சான்றுகளும் உள. கட்டைவிரல் இன்றிக் கூட்டிலிருந்து இழை எடுக்க இயலாது. முடிச்சு வித்தையும் செய்ய இயலாது.

பின்னாளில் இவ்வாணிகம் கைமாறியது. கிளாஸ்கோவில் பருத்தித் துணியில் செஞ்சாயம் ஏற்றி, ஈயத் தகடுகளுக்கிடையே அழுத்தி வெளுக்கச் செய்து, கட்டாமலே புள்ளியிட்டனர். மெய்ஜி காலத்து ஜப்பான் ‘ஹபுதே’ என்னும் மெல்லிய பட்டை ஏராளமாக நெய்து அனுப்பிற்று. வித்தைக் கடைகளிற் கிடைக்கும் நல்ல பட்டுக்குட்டைகள் பெரும்பாலும் இவ்வினத்தவையே.

இனித் துணியின் இயல்பைக் காண்போம். பட்டுப்புழுவின் இழை பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறாமல் வருவது. பருத்தியோ விரலளவும் இல்லாத சிறு நார்களை முறுக்கிச் சேர்த்தது. நார்முனைகள் மேற்பரப்பில் நீட்டிநின்று ஒன்றையொன்று பற்றும். முந்தானையில் சில்லறை முடிந்துவைத்த நம் பாட்டிமார்க்குப் பருத்தியே உற்ற துணை. வித்தைக்காரருக்கு அதுவே பகை. பட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. கச்சாப் பட்டின்மேல் பசைபோன்ற ஒரு பொருள் படிந்திருக்கும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒருபங்கு அதுவே. சோப்பு நீரில் கொதிக்கவைத்து அதனை நீக்கினாலன்றித் துணி விறைப்பாகவே இருக்கும். முறுக்கேறிய நூலால் நெய்த கிரேப்பும் ஜார்ஜெட்டும் கைக்கு மென்மையாகத் தோன்றினும் முடிச்சை விடா. காஞ்சிபுரத்துப் பட்டு முறுக்கிய நூலும் கனமும் சரிகையும் உடையது. அதன் பெருமை வேறு, இப்பணி வேறு. பாட்டியின் கூறைப்புடவையைக் கத்தரிக்க முனையும் பிள்ளைகளை வீட்டார் தடுத்துவிடலாம்.

பாலியஸ்டர் வழுக்கும், விலையும் குறைவு. ஆயின் அது மீள்விசை உடையது. உள்ளங்கையில் அடக்கினால் அடங்காமல் துள்ளும். முடிச்சும் வித்தைக்காரர் ஊதுமுன்னரே தளர்ந்துவிடும். முடிச்சு சற்றே இறுகி நிற்பதும் வேண்டும், இழுத்தால் கழல்வதும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருவது முறுக்கில்லாத நூலால் நெய்த மெல்லிய பட்டே.

பட்டின் எடையை ‘மொம்மே’ என்னும் ஜப்பானிய அளவால் குறிப்பர். ஐந்து மொம்மேப் பட்டு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராம் இருக்கும். 18 அங்குலச் சதுரக்குட்டை நாலரைக் கிராம்தான். கைக்குள் மறைப்பதற்கு அது போதும். முடிச்சுக்கு மட்டும் எனில் எட்டு மொம்மேயும், 24 அங்குலமோ அதற்கு மேலோ கொண்ட அளவும் நன்று. நேராக்கிய முனை பிடிக்க எட்டவேண்டுமன்றோ. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்குவதால் துணி குறுக்குவாட்டில் இழுபடுகின்றது. அவ்வாறு இழுபடும்போது நீண்டு மெலிந்து கொடுக்கும் துணியே ஏற்றது, கஞ்சியிட்டது ஆகாது.

விளிம்பையும் பார்க்கவேண்டும். தையல் இயந்திரத்தில் மடித்துத் தைத்த தடித்த விளிம்பு, கழலும் வேளையில் முட்டி நிற்கும். கையால் உருட்டித் தைத்த மெல்விளிம்பே வேண்டும். முர்ஷிதாபாத் பக்கம் பட்டு நெசவு இன்றும் நடக்கின்றது; அச்சிடாத வெண்பட்டைக் கெஜக்கணக்கில் வாங்கி, ஒருமுறை வெந்நீரில் அலசி நிழலில் உலர்த்தி, வீட்டிலேயே விளிம்பு தைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குமுன் இரு மூலைகளை இரட்டை முடிச்சாக முடிந்து, ஒரே பக்கத்து முனையையும் அதன் அடியையும் பற்றி எதிரெதிராக இழுத்துப் பார்க்கலாம். ‘டக்’ என்று முடிச்சு புரளும் ஓசையும் உணர்வும் விரலுக்குத் தெரியும். தெரியாவிடில் அடுத்த துணியை எடுத்துக் காட்டச் சொல்லவேண்டியதுதான்.