பலூன், ஸ்டென்ட், கதிர்: ஒரு இருதயச் சிகிச்சையின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்கேன். உடம்பு நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க." அப்பாவுக்குப் புரியவில்லை. "அடைப்பைத்தான் திறந்தாச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பலூன் வந்த கதை

1964-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சார்ல்ஸ் டாட்டர் என்ற மருத்துவர், 82 வயது மூதாட்டியின் கால் ரத்தக்குழாய் அடைப்பை, அறுவை இல்லாமல் மெல்லிய குழாய்களைச் செலுத்தி விரித்தார். அந்த வழியைப் பின்பற்றியவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய்களைச் செய்து பார்த்தவர் அவர். 1977 செப்டம்பர் 16-ஆம் நாள், 38 வயது நோயாளியின் இருதய ரத்தக்குழாயில் அந்தப் பலூனை ஊதி அடைப்பைத் திறந்தார். நெஞ்சைப் பிளக்கவில்லை, நோயாளி விழித்தேதான் இருந்தார்.

திறந்தது ஏன் மீண்டும் மூடியது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பலூன் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்குள் அதே இடம் மீண்டும் சுருங்கியது.

காரணம் சுவரில் இருந்தது. ரத்தக்குழாய்ச் சுவருக்கு உள், நடு, வெளி என மூன்று அடுக்குகள் உண்டு. பலூன் ஊதும்போது கொழுப்புப் படிவு வெடிக்கிறது; உள்ளடுக்கு கிழிகிறது; நடு அடுக்கும் இழுபடுகிறது. சொல்லப்போனால், மருத்துவரே ஒரு காயத்தை உண்டாக்குகிறார். அந்தக் காயத்துக்குச் சுவர் மூன்று விதமாகப் பதில் கொடுக்கிறது. ஒன்று, ரப்பர் போல உடனே பின்வாங்கும். இரண்டு, நாளடைவில் குழாய் முழுதுமே சுருங்கும். மூன்று, நடு அடுக்கின் தசைச் செல்கள் உள்ளே நகர்ந்து வந்து பெருகி, தழும்பாகத் தடித்துப் பாதையை மறைக்கும்.

முதல் இரண்டையும் தடுக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் வந்தது. 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் அது முதன்முதலாக மனித இருதய ரத்தக்குழாயில் பொருத்தப்பட்டது. ஆனால் மூன்றாவதை அது தடுக்கவில்லை. தழும்புத் திசு கம்பிவலையின் இடுக்கு வழியாகவே உள்ளே வளர்ந்தது.

கதிர் நுழைந்தது

காயம் ஆறிய பிறகு சிலருக்குத் தோலில் தழும்பு தடித்து வளரும், பார்த்திருப்பீர்கள். அதை வெட்டி எடுத்தபின் மீண்டும் வளராமல் இருக்க மருத்துவர்கள் குறைந்த அளவு கதிர் கொடுப்பதுண்டு. வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் அதிகம் தாக்கும். மரபுப்பொருள் சேதமடைந்த செல்லால் பெருக முடியாது. அப்படியானால் ரத்தக்குழாய்த் தழும்புக்கும் இதைச் செய்தால் என்ன? பன்றிகளில் சோதித்தபோது தழும்பு குறைந்தது.

அடுத்து மனிதர்களிடம் சோதித்தார்கள். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனையில் பால் டியர்ஸ்டீன் குழுவினர் 55 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு இரிடியம்-192 வைத்த நாடா குழாய்க்குள் செலுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வெறும் நாடா. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வெறும் நாடா பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு மீண்டும் அடைப்பு. கதிர் பெற்றவர்களில் 17 விழுக்காடுதான்! 2000 நவம்பரில் அமெரிக்க அரசும் இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

சுவர் தாமதமாகச் சொன்ன பதில்

கொஞ்சம் யோசியுங்கள். ஆறு மாதம் போதுமா?

கதிருக்குக் கெட்ட செல், நல்ல செல் என்ற பேதம் தெரியாது. ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடி, ரத்தம் உறையாமல் காப்பது ஒரு மெல்லிய செல்படலம். கதிர் பட்ட இடத்தில் அந்தப் படலமும் மீண்டும் வளரத் தாமதமானது. மற்ற நோயாளிகளுக்குச் சில வாரங்களில் ஆறும் காயம், இவர்களுக்குப் பல மாதங்கள் திறந்தே கிடந்தது. வெறும் கம்பியில் ரத்தம் பட்டால் கட்டி உறையும் அல்லவா? 1999-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் மருத்துவர்கள், கதிர்ச் சிகிச்சை பெற்ற 91 பேரில் 6 பேருக்கு இப்படித் தாமதமாகத் திடீர் அடைப்பு ஏற்பட்டதை அறிவித்தார்கள்.

இன்னொரு சிக்கல் ஓரத்தில் வந்தது. பலூன் காயப்படுத்திய இடத்தின் இரு முனைகளிலும் கதிர் போதிய அளவு எட்டவில்லை. நடுவில் பாதை நன்றாக இருக்க, இரு முனைகளும் சுருங்கின. முறுக்கிய மிட்டாய்த் தாளை நினைத்துப் பாருங்கள், அதே வடிவம்தான்.

இதிலிருந்து மருத்துவர்கள் பாடம் கற்றார்கள். கதிர் மூலத்தை நீளமாக்கினார்கள். கூடுமானவரை புது ஸ்டென்ட் வைப்பதைத் தவிர்த்தார்கள். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைப் பல மாதங்கள் தொடரச் சொன்னார்கள்.

பிறகு தழும்பைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. அமெரிக்காவில் 2003-இல் ஒப்புதல் பெற்றது. கதிர்க்கருவி, கதிர்ப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை என்பதால் கதிர்ச் சிகிச்சை வேகமாகப் பின்வாங்கியது. இன்று, திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்ளும் சிலருக்காக ஒருசில மையங்களில் மட்டும் அது தொடர்கிறது. ஆனால் பாருங்கள், மருந்து ஸ்டென்டிலும் அதே கேள்வி திரும்பி வந்தது. தழும்பைத் தடுக்கும் மருந்து, படலம் வளர்வதையும் தாமதப்படுத்தியது. அங்கும் மாத்திரையைத் தொடர்வதுதான் காவல்.

அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். பாதை திறந்துவிட்டது, சுவர் இன்னும் ஆறவில்லை. இதைச் சொன்ன பிறகு அவர் ஒருநாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

தேர்வுக்கு எழுதும் மாணவர்களுக்கு

அறிவியல் வளர்ச்சி பற்றிக் கட்டுரை கேட்டால், "அறிவியல் மகத்தானது" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். சிக்கல், தீர்வு, தீர்வு தந்த புதுச் சிக்கல், அதிலிருந்து கற்ற பாடம் என்று நான்கு பத்திகளாக வகுத்துக்கொள்ளுங்கள். 'எனினும்', 'இதன் விளைவாக', 'நாளடைவில்' போன்ற இணைப்புச் சொற்கள் தாமாகவே வந்து உட்காரும்.

வகுப்பில் கலந்துரையாட

1. ஆறு மாத முடிவை மட்டும் வைத்து ஒரு சிகிச்சையை வெற்றி என்று சொல்லலாமா? காரணம் கூறுக.
2. 'காயம்', 'தழும்பு', 'ஆறுதல்' ஆகிய சொற்கள் உடலுக்கும் மனத்துக்கும் எவ்வாறு பொருந்துகின்றன? எடுத்துக்காட்டுடன் விளக்குக.